பூட்டிய ஷட்டருக்கு நகராட்சி என்ன செய்யும்?

கேள்வி: எங்கள் ஊர் காவிரிக் கரையில் ஒரு சின்ன டவுன். பெரிய கடைவீதியில் தாத்தா காலத்திலிருந்து எங்களுக்கு ஜவுளிக்கடை. பஸ் ஸ்டாண்டை பைபாஸ் பக்கம் கொண்டுபோன பிறகு வீதியே செத்துவிட்டது. 140 கடைகளில் 31 மூடியாயிற்று. (வீதி நடுவில் இருக்கும் எங்கள் பழைய கடைகூட, தங்கை விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட மறுப்பதால், அப்பா தவறிய 2012-லிருந்து பூட்டித்தான் கிடக்கிறது. அதன் படியில் ஒரு பூக்காரம்மா வேறு இடம் பிடித்துக்கொண்டார்.) ஆன்லைன் ஒருபக்கம், நடைபாதைக் கடைகள் ஒருபக்கம். வணிகர் சங்கச் செயலாளராக நகராட்சியிடம் என்னென்ன கேட்டுப் போராடலாம்? இல்லை, எல்லாவற்றையும் விற்றுவிட்டு மகனோடு கோவைக்கே போய்விடட்டுமா?
(56 வயது வாசகர்; பெயரும் ஊரும் வேண்டாம் என்கிறார்)

பதில்: தம்பி, நாலு பக்கக் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். பஸ் ஸ்டாண்டுக்கு ஒன்றரைப் பக்கம், ஆன்லைனுக்கு ஒரு பக்கம், நடைபாதைக் கடைகளைத் திட்ட முக்கால் பக்கம். உங்கள் சொந்தக் கடை பூட்டிக் கிடப்பதற்கு அடைப்புக்குறிக்குள் இரண்டே வரி. அந்த இரண்டு வரியைத்தான் நான் நாலு தடவை படித்தேன்.

கடைவீதி படுத்துவிட்டது என்று எனக்கு மாதம் ஒரு கடிதமாவது வருகிறது. ஊர் மாறும், புலம்பல் மாறாது. ஒன்று கேட்கிறேன். அந்த 31 கடையில் வியாபாரம் இல்லாமல் மூடியது எத்தனை, பங்காளிச் சண்டையில் மூடியது எத்தனை? செயலாளர்தானே, ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வீதியின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்து எழுதிப் பாருங்கள். அண்ணன் தம்பி வழக்கு, சித்தப்பா மகன் தடை உத்தரவு, பட்டா யார் பேரில் என்கிற தகராறு என்று பக்கம் நிரம்பும். நான் பார்த்த வீதிகளில் அப்படித்தான் நிரம்பியிருக்கிறது. என் பெரியப்பா வீட்டு மளிகைக்கடையும் அப்படிப் பூட்டியதுதான். கேஸ் முடிந்து திறந்தபோது கல்லாப்பெட்டியைக் கரையான் தின்று முடித்திருந்தது.

வீதி நடுவில் ஒரு கடை பூட்டியிருந்தால் அந்தக் கடைக்கு மட்டும் நஷ்டம் என்று நினைக்கிறீர்களா? சாயங்காலம் கோயிலுக்கு வந்துவிட்டுக் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிற ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். வளையல் கடை, பாத்திரக் கடை என்று வெளிச்சத்தோடு வெளிச்சமாக வருவாள். உங்கள் அப்பா கடை வந்ததும் இருட்டு. துருப்பிடித்த ஷட்டர், அதன்மேல் கண்ணீர் அஞ்சலி போஸ்டர், ஓரத்தில் மூத்திர நாற்றம். அங்கேயே திரும்பிவிடுவாள். அதற்கு அப்பால் இருக்கிற எழுபது கடைக்காரரும் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பஸ் ஸ்டாண்டைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். 2012-லிருந்து அந்த இருட்டைக் காவல் காப்பவர், அதே வீதியின் வணிகர் சங்கச் செயலாளர்!

சரி, தங்கைக்கு வருவோம். "கையெழுத்துப் போட மறுப்பதால்" என்று எழுதியிருக்கிறீர்கள். விடுதலைப் பத்திரம் என்றால் என்ன? என் பங்கு எனக்கு வேண்டாம் என்று அவள் எழுதித் தருவது. அதற்குப் பதிலாக அவளுக்கு என்ன கொடுப்பதாகச் சொன்னீர்கள்? நாலு பக்கத்தில் அதற்கு ஒரு வரி இல்லை. கல்யாணத்துக்கு நகை போட்டோம், தலைதீபாவளிக்குச் சீர் செய்தோம், பிள்ளைக்கு மொட்டையடித்துக் காது குத்தினோம் என்று கணக்குச் சொல்வீர்கள். அது தாய்மாமன் செய்கிற முறை. அதைப் பங்கில் கழிக்கிறவன் இனிமேல் சீர்த்தட்டில் பில்லையும் சேர்த்து வைத்துவிடட்டும்.

சட்டம் உங்கள் பக்கம் இல்லை. பூர்வீகச் சொத்து என்றால் தமிழ்நாட்டில் 1989-லேயே, அப்போது கல்யாணமாகாதிருந்த பெண்களுக்கு மகனோடு சமபங்கு கொடுத்தாயிற்று. 2005-இல் நாடு முழுக்க எல்லா மகள்களுக்கும் வந்தது. அந்தச் சட்டம் வந்த தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கடை அப்பாவின் சுயசம்பாத்தியம், உயில் எதுவும் இல்லை என்றால் இன்னும் சுலபம்: 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகனுக்கும் மகளுக்கும் ஒரே பங்கு. ஆக, அவள் உங்களிடம் சலுகை எதுவும் கேட்கவில்லை. நீங்கள்தான் அவளிடம் தானம் கேட்கிறீர்கள், கிடைக்கவில்லை என்றதும் அப்பா கடையைப் பூட்டி வைத்திருக்கிறீர்கள். கோவைக்குப் போகிற யோசனையும் இங்கேதான் முட்டி நிற்கும். எல்லாவற்றையும் விற்க வேண்டுமென்றால் அந்தப் பத்திரத்திலும் அவள் கையெழுத்து வேண்டும்.

வழக்கு நடக்கிறதா என்று எழுதவில்லை. நடந்தால் லோக் அதாலத்துக்கு, அதாவது சமரசம் பேசி முடிக்கிற மக்கள் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோங்கள். சமரசம் ஆகிவிட்டால் அந்தத் தீர்ப்பின்மேல் அப்பீல் கிடையாது, கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பி வரும். வழக்கு இல்லையென்றால் பாகப்பத்திரம் எழுதிப் பதிவு செய்யுங்கள். அதற்கும் மனசு வரவில்லையா, இரண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு யாருக்காவது வாடகைக்கு விடுங்கள், வாடகை ஆளுக்குப் பாதி. செல்போன் ரிப்பேர் பார்க்கிற பையனோ ஆரி வேலை செய்கிற பெண்ணோ உங்கள் ஊரிலேயே கடை தேடிக்கொண்டிருப்பார்கள். அந்த இடத்துக்கு வாடகை குறைச்சல் என்று மூக்கைச் சுளிக்காதீர்கள். இத்தனை வருஷமாக உங்களுக்கு அதில் வந்த வாடகை எவ்வளவு?

அந்தப் பூக்காரம்மாவை வேறு விரட்டப் பார்க்கிறீர்கள். உங்கள் அப்பா கடை வாசலில் இன்று யாவாரம் பார்க்கிற ஒரே ஆள் அவர்தான். தெருவோர வியாபாரிகளுக்கு 2014-இல் மத்திய சட்டம் வந்திருக்கிறது. கணக்கெடுத்து முடிப்பதற்கு முன்னால் யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. ஊருக்கு ஒரு வியாபாரக் குழு, அதில் நூற்றுக்கு 40 பேராவது அந்த வியாபாரிகளே. அந்தக் குழுவில் வணிகர் சங்கத்துக்கும் இடம் உண்டு, போய் உட்காருங்கள். பூ வாங்க வருகிறவள்தான் ரவிக்கைத் துணியும் எடுக்கிறாள்.

நகராட்சியிடம் கேட்கத்தான் வேண்டும். பஸ் ஸ்டாண்டு திரும்பி வராது, அதை விடுங்கள். மினி பஸ் கடைவீதி முனையில் நின்று போகும்படி கேளுங்கள். முக்கியமாக, பெண்களுக்குக் கழிப்பறை கேளுங்கள். முகூர்த்தப் புடவை எடுக்க மூன்று மணி நேரம் ஆகிறது. கூட வந்த மாமியாருக்குச் சர்க்கரை, அவர் எங்கே போவார்? ஏசி கடைக்குக் கூட்டம் போவது விலைக்காக மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அப்புறம், காலையில் கடை திறந்ததும் முதலாளிகள் எல்லோரும் வண்டியை அவரவர் வாசலிலேயே நிறுத்துகிறீர்களே, அதை எடுக்க எந்த நகராட்சி வரவேண்டும்?

மற்றதெல்லாம் உங்கள் கைக்காசில் ஆகவேண்டிய காரியம். விருதுநகர் வியாபாரிகள் அந்தக் காலத்தில் மகமை என்று மூட்டைக்கு இவ்வளவு எடுத்து வைத்தார்கள், வீட்டுப் பெண்கள் பிடி அரிசி எடுத்து வைத்தார்கள். 1889-இல் க்ஷத்ரிய வித்யாசாலை எழுந்தது அப்படித்தான். காமராஜர் படித்த பள்ளிக்கூடம். அது ஒரு சாதிக்குள் இருந்த ஏற்பாடு, அந்த வேலி உங்களுக்கு வேண்டாம். பொதுக்காரியத்துக்கு விற்றதில் கொஞ்சம் எடுத்துவைக்கிற வழக்கம் மட்டும் போதும். கனடாவில் டொரோன்டோ நகரத்தின் ப்ளூர் வெஸ்ட் வில்லேஜ் கடைக்காரர்களுக்கும் உங்கள் கதைதான். பூமிக்கடியில் ரயில் வந்து தெருவில் நடக்கிற கூட்டத்தை இழுத்துக்கொண்டது, மால்கள் மிச்சத்தை இழுத்தன. விருப்பப்பட்டவர் கொடுக்கலாம் என்று வசூலித்தால் நாலு பேர் கொடுக்க நாற்பது பேர் வேடிக்கை பார்த்தார்கள். 1970-இல் சட்டம் போடச் சொல்லி, எல்லாக் கடையும் கட்டியே ஆகவேண்டும் என்று ஆக்கி, அந்தப் பணத்தில் விளக்கும் மரமும் வைத்தார்கள். அமெரிக்காவில் 1977-இல் மூன்று சின்ன ஊர்களின் கடைத்தெருவை எடுத்து நிமிர்த்திப் பார்த்தபோது, ஊருக்கு ஒரு முழுநேர ஆளைச் சம்பளத்துக்கு வைத்தார்கள். எந்தக் கடை காலி, யாருக்குக் கடை வேண்டும், எந்த விளக்கு எரியவில்லை என்று பார்ப்பதே அவர் வேலை. உங்கள் சங்கமும் பி.காம் படித்த ஒரு பெண்ணை அந்த வேலைக்கு வைக்கலாம். டிசம்பரில் டைரி அடிக்கிற செலவை நிறுத்தினால் இரண்டு மாதச் சம்பளமாவது தேறும்.

ஆனால் இதையெல்லாம் சங்கக் கூட்டத்தில் நீங்கள் எழுந்து சொன்னால் கடைசி வரிசையிலிருந்து ஒருத்தர், "முதல்ல உங்க கடையத் தெறங்க அண்ணாச்சி" என்பார். அதற்கு உங்களிடம் பதில் இருக்கிறதா?

வருகிற ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போங்கள். வக்கீலை அழைத்துப் போகாதீர்கள், பத்திரமும் வேண்டாம். அவள் வீட்டில் சாப்பிடுங்கள். சாப்பிட்ட பிறகு கேளுங்கள், "கடையைத் திறக்கலாமா?" என்று. அழுவாள், இத்தனை வருஷத்தையும் சேர்த்துத் திட்டுவாள். கேட்டுக்கொள்ளுங்கள், நீங்கள்தான் மூத்தவர். பிறகு அவளையும் அழைத்துக்கொண்டு கடைவீதிக்கு வாருங்கள். பூக்காரம்மாவிடம் ஒரு முழம் வாங்கி அவள் கையில் கொடுத்துவிட்டு, பூட்டைத் திறங்கள்.

அடுத்த கடிதத்தில் பஸ் ஸ்டாண்டு வேண்டாம். சாவி போட்டதும் திறந்ததா, பூட்டை அறுக்க வேண்டியிருந்ததா என்று எழுதுங்கள்.