மூன்று ஜோடி காலுறைகள்

அன்புள்ள ஐயா,

1953இல் லண்டனின் வெம்ப்ளி மைதானத்தில் ஹங்கேரி கால்பந்து அணி இங்கிலாந்தை 6-3 என்று வென்றதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்த ஹங்கேரியர்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்ததே ஜிம்மி ஹோகன் என்ற இங்கிலாந்துக்காரர்தான் என்கிறார் என் நண்பர். தோற்றவர்கள் மனத்தைத் தேற்றிக்கொள்ளக் கட்டிய கதையா இது?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

கதையல்ல. இதைச் சொன்னவர்களே வென்றவர்கள்தான். ஹோகன் கற்றுக்கொடுத்தபடியே ஆடினோம், எங்கள் கால்பந்து வரலாற்றில் அவர் பெயரைப் பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டும் என்றார் ஹங்கேரி அணியை வழிநடத்திய குஸ்தாவ் செபெஷ். அந்தக் கட்டுரையில் நான் அவரை விட்டிருக்கக் கூடாது. ஆனால் இங்கிலாந்து இதில் பெருமைகொள்ள எதுவும் இல்லை.

ஹோகன் 1882இல் லங்காஷயரில் பிறந்தவர். பர்ன்லி, ஃபுல்ஹாம், போல்டன் அணிகளுக்கு ஆடினார். நட்சத்திர ஆட்டக்காரர் அல்லர். பர்ன்லியில் ஒருமுறை எதிரணியினரைக் கடந்து அழகாக முன்னேறி அவர் அடித்த பந்து கம்பத்துக்கு மேலே போய்விட்டது. கால் வைத்த விதம் தவறா, உடல் நிலை தடுமாறியதா என்று மேலாளரிடம் கேட்டார். அடித்துக்கொண்டே இரு, பத்தில் ஒன்று உள்ளே போனால் போதும் என்று பதில் வந்தது. வாரம் முழுவதும் பந்தைக் கண்ணில் காட்டாமல் ஓடவிட்டால்தான் சனிக்கிழமை பந்தின்மேல் பசி வரும் என்று இங்கிலாந்து நம்பிய காலம் அது. அன்று முதல் ஹோகன் தானாகவே ஆராயத் தொடங்கினார்.

பிறகு வெளிநாடுகளில் பயிற்சியாளரானார்: 1910இல் நெதர்லாந்து, 1912இல் வியன்னா. அங்கே ஆஸ்திரியக் கால்பந்து நிர்வாகி ஹூகோ மைஸல் அவருக்குத் துணை. 1914இல் போர் மூண்டதும் எதிரி நாட்டவர் என்று கைது செய்யப்பட்டார். பிறகு எம்டிகே கிளப் அவரை புடாபெஸ்டுக்கு அழைத்துக்கொண்டது. பூங்காவில் பந்தாடிக்கொண்டிருந்த ஓர்ட், பிரவுன் என்ற இரண்டு சிறுவர்களைப் பார்த்த மாத்திரத்தில், இவர்கள் எனக்குத்தான் என்று சேர்த்துக்கொண்டார். பந்தைத் தரையோடு வைத்து, நிறுத்தி, பார்த்து, கைமாற்றுவதைப் போல் காலுக்குக் கால் கொடுக்கப் பழக்கினார். இருவரும் ஹங்கேரியின் பெரிய ஆட்டக்காரர்களானார்கள். எம்டிகே 1917, 1918 என்று அடுத்தடுத்து லீக் பட்டம் வென்றது.

போர் முடிந்து ஊர் திரும்பியவர், போரால் பாதிக்கப்பட்ட ஆட்டக்காரர்களுக்கு உதவித்தொகை தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு லண்டனில் கால்பந்துச் சங்கத்தின் படியேறினார். செயலாளர் எடுத்துக் கொடுத்தது மூன்று ஜோடி காக்கிக் காலுறைகள். போர்முனையில் நம் பையன்கள் இவற்றைச் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள் என்றாராம். நீ எதிரியிடம் இருந்தவன் என்பதற்கு இதைவிடக் கொடிய சொல் வேண்டுமா? எத்தனை முறை படித்தாலும் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

1930களில் ஃபுல்ஹாம் அவரை மேலாளராக்கியது. அவர் அறுவை சிகிச்சைக்காக மருத்துவமனையில் கிடந்தபோது நீக்கியது. அதன்பின் ஆஸ்டன் வில்லா கிளப்பை ஏற்றுக்கொண்டு, 1938இல் இரண்டாம் டிவிஷன் பட்டத்தோடு முதல் டிவிஷனுக்கு மீட்டுக் கொடுத்தார்.

1953 நவம்பர் 25 அன்று, ஹங்கேரி ஆறு கோல் போட்டபோது, ஹோகன் வெம்ப்ளியில்தான் உட்கார்ந்திருந்தார். வயது 71. கூடவே வில்லாவின் இளம் ஆட்டக்காரர்கள். அவர்தான் அழைத்து வந்திருந்தார்.