காந்தப்புலத்தில் வைத்தால் காந்தத் துகள் கலந்த உலோகத்தின் மின்தடை ஏன் குறைகிறது?

தனிச் செம்பைக் காந்தப்புலத்தில் வைத்தால் மின்தடை சற்றே கூடும். கோபால்ட் துகள்கள் கலந்த செம்பில் மட்டும் ஏன் குறைகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

சில நானோமீட்டர் அளவுள்ள அந்தத் துகள் ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். புலம் இல்லாதபோது அவை ஆளுக்கொரு திசை பார்க்கும். எலக்ட்ரானுக்கும் ஸ்பின் உண்டு, அதாவது அதையும் ஒரு திசை பார்க்கும் மிகச் சிறு காந்தம்போல ஆக்கும் பண்பு. தன் ஸ்பின்னுக்கு இசைவான துகளை அது எளிதாகக் கடக்கும், எதிரானதில் அதிகம் சிதறும். துகள்கள் கலைந்து கிடந்தால் எந்த எலக்ட்ரானுக்கும் நல்ல வழி கிடைக்காது. புலம் வைத்ததும் எல்லாம் ஒரே பக்கம் திரும்பும். அப்புறம் ஒரு வகை ஸ்பின் உள்ளவை தாராளமாக ஓடும், மொத்தத் தடை இறங்கிவிடும்.

இதில் அழகு என்னவென்றால், தடைக் குறைவு காந்தமாக்கத்தின் (துகள்கள் மொத்தத்தில் எவ்வளவு ஒரே பக்கம் திரும்பியிருக்கின்றன என்ற அளவின்) வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் புலத்தைத் தலைகீழாகத் திருப்பினாலும் தடை அதே அளவு குறையும்.

காந்த உலோகமும் காந்தமல்லாத உலோகமும் மாறி மாறி அமைந்த மெல்லிய அடுக்குப் படலங்களில் 1988-இல் தெரியவந்த விளைவுதான் இது. அதற்கு அடுக்கே தேவையில்லை என்பதை 1992-இல் இரண்டு அமெரிக்க ஆய்வுக்குழுக்கள் தனித்தனியே காட்டின.