வளைஞ்ச ஹாண்டில் ரேஸ் சைக்கிள் எடுக்க முதல் ரயர் நம்பரைப் பாரும் தம்பி

விசுவமடுவிலயிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார், "அண்ணை, பழைய சாமான் கடையொண்டில வளைஞ்ச ஹாண்டில் வைச்ச ரேஸ் சைக்கிள் ஒண்டு கிடக்கு, ஜப்பான் சைக்கிளாம், ஸ்ரிக்கர் ஒண்டும் இல்லை, மேல நீலப் பெயின்ற் அடிச்சு வைச்சிருக்கினம். நல்ல சாமானோ, எடுத்தால் கிளிநொச்சிக்கு வேலைக்கு ஓடலாமோ?" எண்டு.

ஓடலாம், ஆனா உந்த "ஜப்பான்" எண்ட பேரை விடும். பெயின்ற் ஆரும் அடிக்கலாம், ஸ்ரிக்கரும் ஆரும் ஒட்டலாம். ஹாண்டில் குத்தி நிக்கிற தலைக்குழாய்க்குக் கொஞ்சம் பின்னால, மேல் பாருக்கும் கீழ் பாருக்கும் அடிப்பக்கத்தை விரலால தடவிப் பாரும், அலை மாதிரி ஒரு நெளிவு தட்டுப்பட்டால் அது எங்கயோ நேர அடிபட்ட சைக்கிள், சும்மா தந்தாலும் வேண்டாம். முன் ஃபோர்க் பின்னுக்கு மடங்கி நிக்குதோ எண்டும் பக்கத்தில நிண்டு பாரும்.

அடுத்தது குழாய். காந்தம் ஒட்டினால் இரும்பு, அவ்வளவுதான், நல்ல இரும்போ எண்டு காந்தம் சொல்லாது. சிலர் நகத்தால தட்டிச் சத்தம் கேட்டுச் சொல்லுவினம், நான் அதை நம்புறேல்லை. சீற்றைக் கழட்டி சீற் கம்பியில அடிச்சிருக்கிற அளவைப் பாரும். 27.2 மில்லிமீற்றர் எண்டால் பெரும்பாலும் மெல்லிய சுவர் வைச்ச நல்ல குழாய், 25.4 எண்டால் சாதாரண பாரமான இரும்பு. இங்கிலாந்துக்காரன்ர ரேனோல்ட்ஸ் 531 எண்ட குழாய் 1935இல வந்தது, ஜப்பானில தாங்கே, இஷிவாத்தா எண்டு குழாய் செய்தவை, எல்லாம் இந்த ரகம்தான். சீற் கம்பி துருப்பிடிச்சு இறுகி வராட்டி விலையைக் குறைச்சுக் கேளும், அதை எடுக்கிறது பெரிய வில்லங்கம்.

வயசு அறிய வேணுமெண்டால் ஷிமானோ எண்ட ஜப்பான் கொம்பனி செய்த கியர், பிறேக் சாமான்ர பின்பக்கத்தில ரெண்டு இங்கிலீஷ் எழுத்து இருக்கும். முதல் எழுத்து வருசம், ஏ எண்டால் 1976, பி எண்டால் 1977, அப்பிடியே போகும், ரெண்டாவது எழுத்து மாசம். எச்.சி எண்டு இருந்தால் 1983 மார்ச். சாமான் மாத்திப் போட்டிருக்கவும் கூடும், அதால ரெண்டு மூண்டு இடத்தில பாரும்.

இப்ப முக்கியமான கதை, ரயர். எங்கட ஊர்ப் பெரிய சைக்கிளுக்குப் போடுறது 28×1½, அதின்ர றிம் அளவு 635 மில்லிமீற்றர். பழைய ரேஸ் சைக்கிளுக்கு அனேகமா 27×1¼, அது 630. கொஞ்சம் பிந்தினதுக்கு 700சி, அது 622. கடையில கேட்டால் எல்லாத்தையும் "பெரிய சில்லு" எண்டு ஒரே ரயரைத் தூக்கித் தருவினம், 635 ரயரை 630 றிம்மில போட்டால் ஏறும், காத்தடிக்க நல்லாத்தான் நிக்கும், பரந்தன் தாண்ட முதல் டப்பெண்டு கழண்டு ரியூப் வெளியில வரும், நான் ஒருக்கா இப்பிடி விழுந்து முழங்கை உரிஞ்சு போய்க் கிடந்தனான். ரயர்ப் பக்கத்தில 32-630 மாதிரி நம்பர் இருக்கும், முதலாவது ரயர் அகலம், மற்றது றிம் அளவு, அதை வாசியும். 630 எண்டால் பயப்பிட வேண்டாம், ஜப்பானிலயிருந்து வாற கூடை வைச்ச லேடீஸ் சைக்கிள்களில 27×1⅜ எண்டு இருக்கிறதும் அதே 630தான், பிரேமுக்குள்ள இடம் இருந்தால் அந்த ரயர் போகும், கொஞ்சம் அகலம் எண்டதால கிரவல் ரோட்டுக்கும் நல்லம். 26 இஞ்சி லேடீஸ் சைக்கிள் ரயர் சரிவராது, அது 590. 700சி சில்லு கிடைச்சால் பிறேக் கட்டையை 4 மில்லிமீற்றர் இறக்கினால் போதும்.

செயினையும் அளவும், 12 இஞ்சிக்கு வரவேண்டிய கண்ணிகள் 12⅛ வந்தால் செயின் தேஞ்சு முடிஞ்சுது.

ஓடேக்க, கியர் லீவர் கீழ் பாரில கிடக்கும், க்ளிக் எண்டு விழாது, கையால தேடிப் பிடிக்க வேணும், மாத்துற நேரம் உழக்கிக்கொண்டே காலைக் கொஞ்சம் இளக்கும். எங்கட இடம் மட்டம்தானே கியர் எதுக்கு எண்டு கேப்பினம், சோழகக் காத்துக்கு எதிரா ஒருநாள் ஓடிப் பாக்கட்டும். பொருளாதாரத் தடை காலத்தில சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்ட சனம் நாங்கள், காலின்ர பெறுமதி தெரியும்.

றிம் வெள்ளியா மினுங்குதெண்டு சந்தோசப்படாதையும், அது குரோம் பூசின இரும்பெண்டால் மாரி மழையில பிறேக் பிடிக்கவே பிடிக்காது. ஈரத்தில முன்கூட்டியே பிறேக்கை மெல்ல உரசி றிம்மைத் துடைச்சுக்கொண்டு ஓடும், இருட்டினாப்பிறகு ரோட்டில படுத்திருக்கிற மாடு உமக்காண்டி எழும்பாது.