ஆறாம் ஹென்றியின் வியாதி – கடிதம்

அன்புள்ள ஐயா,

பதினைந்தாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அரியணைக்காக நடந்த ரோஜாப் போர்கள் பற்றிய உங்கள் உரையைக் கேட்டேன். ஆறாம் ஹென்றி மேல் ஏன் இவ்வளவு கரிசனம்? ஒரு பைத்தியக்கார ராஜாவால் இங்கிலாந்து முப்பது வருடம் அடித்துக்கொண்டு செத்தது. அதற்கு மேல் அவரிடம் என்ன இருக்கிறது?

ச.

அன்புள்ள ச.,

கரிசனம் உண்டுதான். ஆனால் பழியைப் பைத்தியத்தின் மேல் போடுவதை ஏற்க மாட்டேன். வருடங்களைப் பாருங்கள். அவருக்குச் சித்தம் கலங்கியது 1453 ஆகஸ்டில். பிரான்சில் தன் கையிலிருந்த மெய்ன் பிரதேசத்தை விட்டுத்தருவதாகப் பிரெஞ்சு மன்னருக்குக் கடிதம் எழுதியது 1445இல். நார்மண்டி பிரான்சிடம் பறிபோனதும், கலகத் தலைவன் ஜாக் கேட் பின்னால் கென்ட் ஜனங்கள் லண்டனுக்குள் புகுந்ததும் 1450இல். எல்லாம் தெளிவாக இருந்தபோதுதான்.

அவருடைய வியாதி வேறு. இல்லை என்று சொல்ல வராது. கேட்டவருக்கெல்லாம் மானியம், மன்னிப்பு. சுங்க அதிகாரி ஒருவருக்குக் கொடுத்த மன்னிப்பில் மட்டும் கஜானாவுக்கு அன்றைய பணத்தில் 2000 மார்க் நஷ்டம். 'மன்னிப்பு வழங்கும்போது பார்த்துச் செய்யுமாறு மன்னரிடம் சொல்ல வேண்டும்' என்று ஆலோசனைச் சபையின் குமாஸ்தா குறித்து வைத்திருக்கிறார். யார் வந்து கேட்டாலும் ஜாமீன் கையெழுத்துப் போட்டுவிடும் பெரியவர் இருக்கிற வீட்டில் அடுப்படியில் இப்படித்தான் பேசிக்கொள்வார்கள்.

பைத்தியம் என்றால் 1454 மார்ச்சைச் சொல்லலாம். சான்சலர் என்ற தலைமை அமைச்சரும் காண்டர்பரி பேராயருமான கெம்ப் இறந்துவிட்டார். அடுத்தது யார் என்று மன்னர் வாயால் வர வேண்டும். பிரபுக்கள் மன்னர் இருந்த விண்ட்சருக்குப் போனார்கள். மன்னர் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து பேசினார்கள். பதில் இல்லை, ஒரு தலையசைப்புகூட இல்லை. தாங்களும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி கேட்டார்கள், கெஞ்சினார்கள். இரண்டு பேர் அவரைத் தாங்கிப் படுக்கையறைக்கு அழைத்துப் போக, அங்கும் பின்னாலேயே போய் மூன்றாம் முறை. ஒன்றுமில்லை. திரும்பிவந்து நாடாளுமன்றத்தில் அப்படியே சொன்னார்கள். யார்க் கோமகன் ரிச்சர்ட் ராஜ்யப் பாதுகாவலர் ஆனார்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு மன்னர் தெளிந்தார். ராணி மார்கரெட் மகனைக் கொண்டுவந்து காட்டினார். பிறந்து ஒரு வருடம் தாண்டிவிட்டது. பெயர் என்ன என்று கேட்டார் அப்பா.

தெளிந்த பிறகுதான் வினையே. யார்க்கை ஓரங்கட்டி, சிறையிலிருந்த அவருடைய எதிரி சாமர்செட் கோமகனை வெளியே விட்டார்கள். ஐந்தே மாதம். 1455 மே 22, செயின்ட் ஆல்பன்ஸில் யார்க் படைக்கும் மன்னர் படைக்கும் ரோஜாப் போர்களின் முதல் சண்டை. சாமர்செட் செத்தார். மன்னருக்குக் கழுத்தில் அம்புக் காயம். ஜெயித்த யார்க் அவர் முன்னால் வந்து மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார்.

கொடுத்தார்.