சாகச நாவல் என்றால் தரக்குறைவா?

கேள்வி: அலிஸ்ரெயர் மக்லீன் போன்ற சாகச நாவலாசிரியர்கள் காசுக்காக அவசர அவசரமாக எழுதித் தள்ளியவர்கள். எங்கள் வாசிகசாலையில் இன்னமும் அவருடைய புத்தகங்களை அடுக்கி வைத்திருப்பதால் இளையோருக்கு என்ன பயன்?
— ஒரு வாசகர், கொக்குவில்.

பதில்: வேகமாக எழுதினார் என்பதும் நிறையச் சம்பாதித்தார் என்பதும் உண்மை. ஆனால், அவற்றை மட்டும் வைத்து ஓர் எழுத்தாளரைத் தள்ளிவிட முடியாது. 1922 இல் கிளாஸ்கோவில் ஒரு மதகுருவின் மகனாகப் பிறந்து, ஸ்கொட்லாந்தின் மலைநாட்டில் கேலிக் மொழி பேசிய வீட்டில் வளர்ந்த மக்லீனுக்கு, ஆங்கிலம் பிறகு படித்துக்கொண்ட மொழி. 1941 இல் பிரித்தானியக் கடற்படையில் சேர்ந்து, 'றோயலிஸ்ற்' என்ற போர்க்கப்பலில் ஆர்க்டிக் கடலிலும் ஈஜியன் கடலிலும் பணிபுரிந்தார். 1945 இல் அக்கப்பல் இணைந்த கிழக்கிந்தியக் கடற்படையின் தளம் நமது திருகோணமலைதான். போருக்குப் பின் பட்டம் பெற்று ஆசிரியராக இருந்தபோது, 1954 இல் ஒரு பத்திரிகையின் சிறுகதைப் போட்டியில் 100 பவுண் பரிசு பெற்றார். அதைத் தொடர்ந்து கொலின்ஸ் பதிப்பகத்தார் நாவல் ஒன்று கேட்க, 1955 இல் 'எச்.எம்.எஸ். யுலிசிஸ்' வெளிவந்து, முதல் ஆறு மாதங்களில் 250,000 பிரதிகள் விற்றது.

அந்த நாவலை வாசித்திருந்தால் இக்கேள்வியைக் கேட்டிருக்க மாட்டீர்கள். ரஷ்யாவுக்குப் பொருள் ஏற்றிச் செல்லும் கப்பல்களுக்குக் காவலாகப் போகும் போர்க்கப்பல் ஒன்றின் கதை அது. அதில் எதிரியைவிடக் குளிரே கொடியது. தெறித்த அலைநீர் தளத்திலேயே உறைந்து பாரமேற, அந்தப் பாரத்தால் கப்பல் கவிழாதிருக்க, நித்திரை கண்டறியாத மாலுமிகள் பனிக்கட்டியைக் கொத்திக் கொத்திக் கடலில் தள்ள வேண்டும். வெறுங்கையால் இரும்பைத் தொட்டால் தோல் உரிந்துவரும் குளிர். அக்கடலில் நின்ற ஒருவர், பாடசாலை விட்ட பின் வீட்டில் இருந்து சில மாதங்களில் எழுதி முடித்த நூல் அது. அவசரம் அங்கே எதைக் கெடுத்தது?

உங்கள் குற்றச்சாட்டு பிற்கால மக்லீனுக்குப் பொருந்தும். 1963 முதல் சில ஆண்டுகள் எழுத்தை விட்டு ஹோட்டல் நடத்தியவர், திரும்பி வந்த பின் ஒரு திரைப்படத் தயாரிப்பாளருக்காகத் திரைக்கதை எழுதி, அதையே நாவலாகவும் ஆக்கினார். அந்த நாவல் நன்றாகவே ஓடியது; ஆனால் அந்தப் பழக்கம் அவரைக் கெடுத்தது என்பது என் கருத்து. மதுவும் சேர்ந்துகொண்டது. 1987 இல் மியூனிக்கில் இறப்பதற்கு முந்திய நூல்களில் சம்பவங்கள் இருக்கின்றன. நினைவில் நிற்கும் மனிதர் இல்லை. தான் பட்டறிந்ததை விட்டு, கமரா கேட்டதை எழுதியதால் வந்த குறை அது. சாகசக் கதை என்ற வகையின்மீது அப்பழியைப் போடுவது நியாயமில்லை.

கடற்கதை நமக்குப் புறத்தியானதும் அல்ல. வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பலை எம் கடலோடிகள் 1938 இல் அமெரிக்காவின் குளோசெஸ்டர் துறைமுகம் வரை கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அப்பயணத்தை நாவலாக்க எண்ணும் ஓர் இளைஞர், ஒரு புயலை எத்தனை பக்கங்களுக்கு நீட்டலாம், களைத்துப்போன மாலுமிகளை எப்படிப் பேசவிடலாம் என்பதையெல்லாம் மக்லீனின் முதல் நூலிலிருந்து கற்றுக்கொள்ளலாம். ஆகவே, அந்த அலுமாரியை ஒதுக்கச் சொல்லாதீர்கள். 'யுலிசிஸ்' அங்கே இல்லாவிட்டால், அதைத் தேடி வாங்கி வைக்கும்படி வாசிகசாலைப் பொறுப்பாளரிடம் கேளுங்கள்.