லண்டன் பக்கம் சாம்பலாக இருந்தால் திருப்பி அனுப்பலாமா?

கேள்வி: ஆறு வயது மகளுக்கு 'திஸ் இஸ் லண்டன்' என்ற படப் புத்தகத்தை ஆன்லைனில் வாங்கினேன். திறந்ததுமே ஒரு பக்கம் முழுக்க சாம்பல் நிறம், படம் அச்சாகவே இல்லை. திருப்பி அனுப்பினால் எடுத்துக்கொள்வார்களா?

பதில்: தயவுசெய்து அனுப்பாதீர்கள், அது ஜோக்! 'இதுதான் லண்டன்' என்று சொல்லிவிட்டு வெறும் மூடுபனியைக் காட்டுகிறார் வரைந்தவர். மிரோஸ்லாவ் ஷாஷெக் என்ற செக் ஓவியர், பிராக்கில் பிறந்தவர். இந்தப் புத்தகம் 1959-ல் வந்தது. அதற்கு ஏழு வருஷம் முன்னால்தான், 1952 டிசம்பரில், நிலக்கரிப் புகையும் பனியும் சேர்ந்து ஐந்து நாள் லண்டனை மூடி, ஆயிரக்கணக்கானவர்கள் செத்துப்போய், 1956-ல் காற்றைச் சுத்தமாக வைக்கத் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது. அன்றைய வாசகருக்கு அந்தச் சாம்பல் பக்கம் சட்டென்று புரிந்திருக்கும். நான் முதல்தடவை கடையில் பார்த்தபோது, பக்கத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து உள்ளே ஏதாவது தெரிகிறதா என்று தேடினேன், பக்கத்தில் நின்றவர் ஒரு மாதிரி பார்த்தார்.

உண்மையான அச்சுக் கோளாறு வேறு மாதிரி இருக்கும்: ஒரு ஃபாரமே (ஒன்றாக மடித்துத் தைக்கும் பக்கக் கட்டு) விட்டுப்போய் 16 பக்கம் காணாமல் போவது, தலைகீழாகத் தைத்திருப்பது, நிறங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் கோடு இரட்டையாகத் தெரிவது. அப்படி இருந்தால் தயங்காமல் திருப்பி அனுப்புங்கள்.

கேள்வி: அதே வரிசையில் நியூயார்க், ஹாங்காங் எல்லாம் இருக்கிறது. ஆனால் அறுபது வருஷம் முந்தைய ஊரைக் காட்டி இந்தக் காலத்துப் பிள்ளைக்கு என்ன பயன்?

பதில்: நியாயமான கேள்வி. நியூயார்க் புத்தகம் 1960-ல் வந்தது, அப்போது உலகத்திலேயே உயரமான கட்டிடம் எம்பயர் ஸ்டேட். இன்று அந்த ஊரிலேயே அதற்கு முதலிடம் இல்லை. ஹாங்காங் புத்தகம் 1965, பிரிட்டிஷ் ஆட்சிக் காலம். 1997-ல் சீனாவிடம் போய்விட்டது. இதனால்தான் 2003 முதல் வந்த மறுபதிப்புகளில், மாறிப்போன விஷயத்துக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டு, கடைசியில் இன்றைய நிலவரத்தைத் தந்திருக்கிறார்கள். வாங்கும்போது அந்தக் கடைசிப் பக்கம் உள்ள பதிப்புதானா என்று பாருங்கள். பழைய புத்தகக் கடையில் கிடைக்கும் அந்தக் கால முதல் பதிப்பில் அது இருக்காது. என்னைக் கேட்டால், பழசாக இருப்பதே இதில் ருசி. எங்கள் வீட்டுப் பையன் ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் கடைசிப் பக்கத்துக்கு ஓடுவான், ஏதோ விடைத்தாள் பார்ப்பது போல. லீவுக்கு அந்த ஊருக்கே கூட்டிப்போகிறீர்கள் என்றால் மட்டும் வழிகாட்டிக்கு வேறு ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்.

அதைவிட நான் கவலைப்படுவது, இப்போது 'உலகின் புகழ்பெற்ற நகரங்கள்' என்று வரும் புத்தகங்களைப் பற்றித்தான். பக்கத்துக்கு ஒரு கோபுரம், கீழே உயரம் இத்தனை மீட்டர், அவ்வளவுதான், ஒரு மனுஷன்கூட இருக்கமாட்டான். வாங்குவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை: ஆன்லைனில் மாதிரிப் பக்கங்கள் தெரியும் இல்லையா, அதில் ஊர்ப் பெயரையும் அந்தப் பிரபலமான கட்டிடத்தையும் கையால் மறைத்துக்கொண்டு, மிச்சத்தை வைத்து எந்த ஊர் என்று சொல்ல முடிகிறதா பாருங்கள். ஷாஷெக்கிடம் முடியும், ஏனென்றால் பஸ், போலீஸ்காரர் தொப்பி, சுரங்க ரயில் என்று குழந்தையின் கண் போகிற இடத்தையெல்லாம் வரைந்து வைத்திருக்கிறார்.

கேள்வி: கெட்டி அட்டை என்று போட்டிருந்ததால் ஆர்டர் செய்தேன், வந்தது சாதா அட்டை. 'புத்தகத்துக்கு ரிட்டர்ன் கிடையாது' என்கிறார் விற்பவர்.

பதில்: அவர் அப்படிச் சொல்ல முடியாது. 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்னது ஒன்று, வந்தது ஒன்று என்றால், திருப்பி எடுக்கவோ பணத்தைத் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது. மனம் மாறி அனுப்புவது வேறு, இது வேறு. முதலில் பின்னட்டையில் இருக்கும் ஐஎஸ்பிஎன் எண்ணை (பதிப்புக்குப் பதிப்பு தரும் அடையாள எண்) பாருங்கள், கெட்டி அட்டைக்கு ஒரு எண், சாதா அட்டைக்கு வேறு எண். விற்பனைப் பக்கத்தில் இருக்கும் எண்ணும் கையில் இருக்கும் எண்ணும் வேறு என்றால் வாக்குவாதமே வேண்டாம், இரண்டையும் படம் எடுத்துத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததென்று பதில் வர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு வர வேண்டும். வரவில்லையா, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மேலே போவதென்றால் நுகர்வோர் ஆணையம். பொருளுக்கு நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணமே இல்லை. ஒரு படப் புத்தகத்துக்கு அவ்வளவு தூரமா என்பது உங்கள் இஷ்டம், பெரும்பாலும் ஐஎஸ்பிஎன் படத்தைப் பார்த்ததுமே இறங்கி வந்துவிடுவார்கள்.

கேள்வி: மகன் தமிழ் வழியில் இரண்டாம் வகுப்பு. ஆங்கிலப் புத்தகம் ஒத்து வருமா?

பதில்: வரும். படத்துக்கு ஒன்றிரண்டு வரிதான். நீங்கள் தமிழில் சொல்லிக்கொண்டே போங்கள், நட்சத்திரத்தை மட்டும் அவனே கண்டுபிடிக்கட்டும்.