பசிபிக் போர் எங்கே திரும்பியது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐயா, ஜப்பானுக்கு எதிரான கடற்போரின் திருப்புமுனை மிட்வே என்றுதான் எங்கும் படிக்கிறோம். நீங்களும் அதை ஏற்கிறீர்களா?

பதில்: பாதிதான் ஏற்கிறேன். பசிபிக் நடுவே அமெரிக்கத் தளமாக இருந்த மிட்வே தீவருகே 1942 ஜூன் 4 அன்று அடிபட்ட ஜப்பானின் அகாகி, காகா, சோர்யு, ஹிர்யு என்ற நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களும் மறுநாளுக்குள் மூழ்கிவிட்டன. அத்துடன் ஜப்பானின் முன்னேற்றம் நின்றது. ஆனால் அந்தக் கப்பல்களில் இருந்த விமானிகளில் பெரும்பாலோர் உயிர் தப்பினர். மாண்ட விமானப் பணியாளர்கள் ஏறத்தாழ 110 பேர்தான். எனவே மிட்வே ஜப்பானைத் தடுத்து நிறுத்தியது என்பேன். அதன் வலுவை உறிஞ்சித் தீர்த்தது, சாலமன் தீவுகளில் ஒன்றான குவாடல்கனாலில் நடந்த போர்.

கேள்வி: தண்ணீர்ப் பஞ்சம் என்று பொய்ச் செய்தி அனுப்பி ஜப்பானியரின் சங்கேதத்தை உடைத்ததாகச் சொல்வது உண்மையா?

பதில்: உண்மை. ஜப்பானியரின் அடுத்த இலக்கு 'ஏ.எஃப்.' என்ற குறியால் சுட்டப்பட்டிருந்தது. அது மிட்வேதான் என்று பேர்ல் துறைமுகத்தில் ஜோசப் ரோஷ்ஃபோர்ட் தலைமையில் இயங்கிய அமெரிக்கக் கடற்படையின் சங்கேத உடைப்புக் குழு கருதியது, ஆனால் மேலிடத்தை நம்பவைக்கச் சான்று தேவைப்பட்டது. ஆகவே, குடிநீர் வடிக்கும் இயந்திரம் பழுதாகிவிட்டது என்று வானொலியில் வெளிப்படையாக அறிவிக்கும்படி, எதிரி ஒட்டுக்கேட்க முடியாத கடலடிக் கம்பி வழியாக மிட்வேக்குச் சொல்லி அனுப்பினர். சில நாட்களிலேயே, 'ஏ.எஃப்.'-இல் நன்னீர் இல்லை என்ற ஜப்பானியச் செய்தி இவர்கள் காதில் விழுந்தது. எனினும் சங்கேதம் இடத்தைக் காட்டியதே தவிர வெற்றியைத் தந்துவிடவில்லை. சண்டை நாளான ஜூன் 4 காலை அமெரிக்கரின் ஹார்னெட் கப்பலிலிருந்து புறப்பட்ட 15 டார்பிடோ விமானங்களும் வீழ்த்தப்பட்டன. அவற்றில் சென்ற 30 பேரில் பிழைத்தவர் ஒருவரே. அந்த உயிர்ப்பலியை மறந்துவிட்டு மிட்வேயை வெறும் உளவு வெற்றியாகப் பேசுவது நியாயமாகாது.

கேள்வி: குவாடல்கனாலுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் தருகிறீர்கள்? அது ஒரு சிறு தீவுதானே?

பதில்: தீவைவிட அதிலிருந்த விமானத் தளமே முக்கியம். 1942 ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்க மரைன் படை கரையிறங்கி, ஜப்பானியர் கட்டிக்கொண்டிருந்த ஓடுதளத்தைக் கைப்பற்றியது. அதைத் தாக்க வேண்டிய ஜப்பானிய விமானங்களோ ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் தொலைவில் இருந்த தங்கள் ரபாவுல் தளத்திலிருந்து வர வேண்டியிருந்தது. போய்த் திரும்பவே பல மணி நேரம் பிடித்ததால், காயம்பட்ட விமானியும் பழுதான விமானமும் வீடு சேர்வது அரிதாயிற்று. அக்டோபர் 26 அன்று நடந்த சாந்தா குரூஸ் சண்டையில் அமெரிக்கர் ஹார்னெட் கப்பலை இழந்தனர், ஆனால் ஜப்பானியர் இழந்த விமானப் பணியாளர்கள் மிட்வேயில் இழந்தவர்களைவிட அதிகம். கப்பலுக்குப் பதில் கப்பல் கட்டிவிடலாம். பல ஆண்டுப் பயிற்சியில் உருவான விமானிக்கு அவர்களிடம் மாற்று இல்லை. அமெரிக்கரோ அனுபவமுள்ள விமானிகளைத் தாயகத்துக்கு அழைத்துப் புதியவர்களுக்குப் பயிற்சி தரவைத்தனர்.

தரையில் நடந்தது இன்னும் கொடுமை. பகலில் நெருங்க முடியாத ஜப்பானிய நாசகாரிக் கப்பல்கள், இரவில் வேகமாக வந்து, உணவு அடைத்த பீப்பாய்களைக் கயிற்றில் கோத்துக் கடலில் விட்டுச் சென்றன. டிசம்பர் 3 இரவு அவ்வாறு விடப்பட்ட 1,500 பீப்பாய்களில் 310 மட்டுமே வீரர்கள் கைக்கு வந்தன. 1943 பிப்ரவரியில் எஞ்சியிருந்த பத்தாயிரத்துச் சொச்சம் பேரை ஜப்பான் மீட்டுச் சென்றபோது, பட்டினியாலும் நோயாலும் மாண்டவர்கள் சண்டையில் மாண்டவர்களை மிஞ்சியிருந்தனர்.

கேள்வி: நான் திருகோணமலைக்காரன். 1942 ஏப்ரலில் எங்கள் ஊரையும் கொழும்பையும் தாக்கிய கப்பல்கள் பிறகு என்னவாயின?

பதில்: ஐந்துமே மூழ்கின. ஏப்ரல் 5 அன்று கொழும்பையும், 9 அன்று திருகோணமலையையும் தாக்கி, மட்டக்களப்புக்கு அப்பால் பிரிட்டனின் ஹெர்மிஸ் கப்பலை மூழ்கடித்த அந்த அணியில் இருந்தவை அகாகி, சோர்யு, ஹிர்யு, ஷோகாகு, சுய்காகு. முதல் மூன்றும் இரண்டே மாதங்களில் மிட்வேயில் அழிந்தன. ஷோகாகுவை 1944 ஜூனில் அமெரிக்க நீர்மூழ்கி ஒன்று முடித்தது. சுய்காகு அதே ஆண்டு அக்டோபரில் லெய்ட்டே வளைகுடாச் சண்டையின்போது மூழ்கியது.

கேள்வி: மிட்வேயில் ஜப்பான் வென்றிருந்தால் போரே மாறியிருக்குமா?

பதில்: நீண்டிருக்கும், மாறியிருக்காது. 1942 டிசம்பர் 31 அன்று பணியில் சேர்ந்த அமெரிக்காவின் எஸ்ஸெக்ஸைத் தொடர்ந்து அதே வகைப் பெரிய விமானந்தாங்கிக் கப்பல்கள் வரிசையாக வந்தன; ஜப்பானின் கப்பல் கட்டும் தளங்களால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க இயலவில்லை.

கேள்வி: தோல்வி உறுதி என்பதை ஜப்பானியத் தலைமையே எப்போது உணர்ந்தது?

பதில்: தனியாகப் பலர் முன்பே உணர்ந்திருந்தனர், அரசியலில் அது வெளிப்பட்டது, மேற்குப் பசிபிக்கில் ஜப்பான் வசமிருந்த சைபான் தீவை இழந்தபோது. 1944 ஜூன் 19, 20 தேதிகளில் பிலிப்பைன் கடலில் நடந்த சண்டையில், அரைகுறைப் பயிற்சியோடு அனுப்பப்பட்ட விமானிகள் நூற்றுக்கணக்கில் வீழ்த்தப்பட்டனர். ஜூலை 9 அன்று சைபான் வீழ்ந்தது. அங்கே குடியிருந்த ஜப்பானியப் பொதுமக்கள், சிறைப்பட்டால் சித்திரவதைதான் என்று சொல்லிவைக்கப்பட்டிருந்ததால், குழந்தைகளோடு பாறை முகடுகளிலிருந்து குதித்தனர். ஜூலை 18 அன்று பிரதமர் டோஜோ பதவி விலகினார். நவம்பர் 24 முதல் சைபானிலிருந்து கிளம்பிய அமெரிக்கரின் பி-29 குண்டுவீச்சு விமானங்கள் டோக்கியோவின்மீது குண்டு வீசத் தொடங்கின.